குருதிச் சலவை

காலையில் பல் துலக்கியதும் செந்திரு சுவரிலிருந்த குழாயை இழுத்து, தோள்பட்டையில் பதித்திருந்த துளையில் செருகிக்கொண்டாள். குருதிச் சலவைப் பெட்டி உறுமத் தொடங்கியது. சேலத்தில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் இதே சத்தம்தான். இரத்தம் வெளியே போய், கழுவப்பட்டு, திரும்பி வரும். குழாய் நீளமானது என்பதால் அதை இழுத்துக்கொண்டே தோசையும் வார்க்கலாம்.

கழுவித்தான் ஆகவேண்டியிருந்தது. கொதிக்கும் சாம்பாரைப் பாலிதீன் பையில் கட்டி வாங்கித் தின்று, முன்னோர்கள் தங்கள் ஹார்மோன்களைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது பிளாஸ்டிக்கிலிருந்து உடம்பில் ஏறும் ஹார்மோன் குலைப்பான்களின் அளவு இறங்கினால்தான் கரு தங்கும். இறங்கியவளுக்குத்தான் அரசு மகப்பேற்று அனுமதி தரும். செந்திருவுக்கு அடுத்த மாதம் வயது வரம்பு முடிகிறது. அளவோ ஏறிக்கொண்டே போனது. ஆணின் அளவைக் கேட்கும் சட்டம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

"எனக்குத் தெரியாம எதையோ பூசிக்கிற, எதையோ வாங்கித் திங்கிற," என்றான் கணவன் வழுதி.

"மூணு வருஷமா மண்சட்டியிலதான் ஆக்குறேன். உதட்டுச்சாயத்தக் கண்ணால பாக்கல. இன்னும் என்னத்த விடச் சொல்றீங்க, மூச்சையா?"

பெட்டியில்தான் கோளாறோ என்று அவளே பழுதுபார்க்கும் ரோபோவை வரவழைத்தாள்.

"பெட்டியில் பழுதில்லை," என்றது ரோபோ. "உங்கள் இரத்தத்திலுள்ள குலைப்பான்கள் இந்தக் குழாயிலிருந்து வருகின்றன. குழாய் வளைந்துகொடுக்க அவற்றைச் சேர்க்கிறார்கள்."

செந்திருவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருடமாகத் தன் கையாலேயே விஷத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இது உங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியும். கேட்டால் மட்டும் சொல்ல எனக்கு அனுமதி."

அவள் குழாயைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். "நாசமாப் போறவனுங்க. எம்புள்ள வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடியே கொன்னுட்டானுங்களே."

"கவலை வேண்டாம். முதல் பெட்டி சேர்ப்பதை நீக்க இரண்டாம் பெட்டி வந்துள்ளது. உங்கள் தெருவில் பலர் முன்பதிவு செய்துவிட்டார்கள்."

"அதுல என்ன குழாய்?"

"இதே குழாய்தான். புதிதாக வாசனை சேர்த்திருக்கிறோம். வாசனை நிலைத்து நிற்கவும் அதே வேதிப்பொருள்தான்."

செந்திரு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இவனாவது இப்போது கத்துவான் என்று நினைத்தாள். வழுதி ஒரு அடி முன்னால் வந்து தொண்டையைச் செருமினான்.

"மல்லிகை வாசனையில இருக்குதுங்களா?"