வாசல் தாண்டிய குரல்

"ஏய்… ஹோய்!"

விதைநெல்லில் வாய் வைத்த ஆட்டை விரட்டத்தான் தனக்கொடி கத்தினாள். கத்திய மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன், குரல்தான் தெருக்கோடி வரை போய்விட்டதே!

"பொம்பளையாடி நீ?" மாமியார் கலியம்மாள் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஊருக்கே தலைவரு, மேர் ஐயா வூடு வரைக்கும் கேட்டிருக்கும்! பொம்பள கொரலு வாசப்படி தாண்டுனா குடும்பம் வெளங்குமா?"

"தப்புதான் அத்தே…" என்று உதட்டுக்குள்ளேயே சொன்னாள் தனக்கொடி.

பாவம், அது அவளுடைய முழுக் குரலே இல்லை. கரையாம்புத்தூரில் கம்பங்கொல்லைப் பரண்மேல் நின்று அவள் ஒரு கூப்பாடு போட்டால் நாலு கொல்லைக் கிளிகள் எழும்பும். அவள் அப்பா அதைக் கேட்டுப் பூரித்துப் போவார். பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, வீட்டில் சண்டை வேண்டாமே என்று அதை ஓர் ஊனம்போல ஒளித்துவைத்தாள். கட்டின புருஷன்கூட அவள் குரலை முழுசாகக் கேட்டதில்லை.

வெளியே தை மாதப் பனி. வேலியும் வைக்கோல்போரும் கரைந்துபோய், ஊர் கனவில் வரும் ஊராகியிருந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு இருசப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"பெரிம்மா! பலராமன் ஏரிக்கு அக்கரையிலேர்ந்து கோரை ஏத்திக்கினு வந்தானே… தோணியில ஓட்டையாம்! தண்ணி ஏறுதுன்னு ஒரு சத்தம் போட்டான். எந்தப் பக்கம்னே தெரியல!"

பலராமன் கலியம்மாளுக்கு ஒரே மகன். தனக்கொடிக்கு உயிரே அவன்தான். இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள்.

ஏரிக்கரையில் ஆண்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பனி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் குழப்பியது. நடுத்தண்ணீரில் தவிப்பவன் எந்தக் குரலை நம்பித் துடுப்புப் போடுவான்? நீந்தினாலோ அல்லிக்கொடி காலைச் சுற்றும்.

ஒரே குரல் வேண்டும்… அது நடு ஏரிவரை எட்டவும் வேண்டும்! அப்படி ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று நினைத்ததுமே தனக்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. ஊனமா அது? அது அவள் சொத்தல்லவா!

"எல்லாரும் வாய மூடுங்க!"

கரையே அடங்கிப்போயிற்று.

"பல…ராமா…!"

"அடிப்பாவி!" கலியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "புருஷன் பேரச் சொல்றியே! அவன் ஆயுசு கொறையும்டி!"

"அவரு முழுவிக்கினு இருக்காரு அத்தே! வுடுங்க என்ன!"

வாழ்க்கையில் முதன்முறையாக மாமியாரின் கையை உதறினாள். "பல…ராமா…! இப்டி வா! பல…ராமா…!" நின்ற இடத்தை விட்டு நகராமல் கூப்பிட்டாள், நெஞ்சு வெடிக்கக் கூப்பிட்டாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பனிக்குள் எங்கோ துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம். கரைக்குப் பக்கத்தில் தோணி மூழ்கவும், நாலு பேர் பாய்ந்து பலராமனைத் தூக்கி வந்தார்கள்.

"நீயா கூப்ட்ட?" நடுங்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். "அவ்ளோதான்னு கைய வுட்டுட்டேன் தனம்… எம்பேரச் சொல்லி யாரோ புடிச்சி இழுத்தாப்புல இருந்திச்சி. இம்மாங் காலம் இந்தக் கொரல எங்கடி வெச்சிருந்த?"

"எனக்குள்ளதான் மாமா… பூட்டி வெச்சிருந்தேன்…" அவன் மார்பில் விழுந்து அழுதாள்.

கலியம்மாள் கரைச் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தனக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றாள். "பேரச் சொன்னதுக்கு இன்னா வேணா திட்டுங்க அத்தே. ஆனா இனிமே நான் முணுமுணுக்க மாட்டேன்."

கலியம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"உம் மாமனாரும் இதே ஏரியில, இதே மாரி பனியிலதான் போனாரு… நான் இங்கதான்டி நின்னேன்! பேரச் சொல்லக் கூடாதுன்னு முந்தானைய வாயில அடச்சிக்கினு நின்னேன்டி…"

கலியம்மாள் எழுந்து, தண்ணீரைப் பார்த்துத் திரும்பினாள்.

"பச்… பச்சையப்பா…"

பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. தனக்கொடி அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரக்க அத்தே!"

கலியம்மாள் மூச்சை இழுத்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி தன் புருஷனைக் கூப்பிட்டாள்.