வடக்கு முனை வெள்ளை வீடு

பத்தாவது இடத்தையும் கண்டுபிடித்துவிட்டதாக அப்பா போனில் சொன்னார். அப்படி ஓர் இடமே கிடையாது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரை. நவம்பர் என்பதால் தோர்ண்டன் ஹீத்தில் அதற்குள் இருட்டிவிட்டது. கீழே மீன்கடைக்காரர் உருகிய ஐஸை வாருகோலால் வீதிக்குத் தள்ளும் சத்தமும், மாடிப்படியில் எப்போதும் நிற்கிற ஈரக் கம்பள நாற்றமும், பஸ் வந்து உறுமிக்கொண்டு நின்றால் ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்குவதும் வழக்கம்போலவே இருந்தன. அப்பாவின் குரல் மட்டும் தீவின் நண்பகல் வெயிலுக்குள்ளிருந்து வந்தது.

"பஸ்ஸிலை வரேக்கை கண்டனாங்கள், பிள்ளை. தூரத்திலை, கடலோரமா. வெள்ளை வீடு. நாளைக்குப் போறம்."

"எந்த வீடப்பா?"

"எழுதினது நீ. என்னைக் கேக்கிறாய்."

பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. மே மாதம் வன்னியில் மாமாவின் போன் நின்றுபோனதற்குப் பிறகு அம்மா சிரித்துக் கோசிகா கேட்டதில்லை. அந்தச் சிரிப்பை உடைக்க மனம் வரவில்லை. சரியப்பா, கவனமாப் போங்கோ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகும் கை காதடியிலேயே நின்றது.

அவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பட்டம் எடுத்த வருஷம் பார்த்து வங்கிகள் விழுந்தன. நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்களுக்குப் பிறகு கிடைத்தது இந்த மாடி அறையும், ஸ்கந்தா அண்ணையின் டிராவல் ஏஜென்சியும், ஆடுகிற ஒரு மேசையும்தான். ஜெர்மனியில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து சென்னைக்கும் திருச்சிக்கும் டிக்கெட் விற்ற மனுஷன், திடீரென்று கரீபியனைப் பிடித்துக்கொண்டார். மோர்டனில் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு எங்கே போகலாம் என்று தெரியாமல் இருக்கிற சனத்துக்கு, சென் ஒரீல் என்ற குட்டித் தீவை விற்கப்போகிறாராம். அவள் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதவேண்டும். பார்க்கவும் செய்யவும் பத்து விஷயங்கள்.

ஓட்டல்காரர் அனுப்பிய படங்களை வைத்து ஒன்பது எழுதினாள். அருவிக் குளியல், ஆமைகள் முட்டையிடும் கரை, ரம் வடிக்கும் ஆலை, கந்தகச் சேற்றுக் குளம், சனிக்கிழமை மீன்சந்தை. பிரெஞ்சுத் துறைமுகம் கலேயைத் தாண்டி எங்கும் போகாதவள், அந்த மணல் பாதத்தில் எப்படிச் சுடும் என்றுகூட எழுதினாள்.

"ஒன்பது வடிவில்லை," என்றார் ஸ்கந்தா அண்ணை. "பத்தாக்கு."

"பத்தாவது இல்லை அண்ணை."

"யூனிவர்சிட்டிக்குப் போய் என்ன படிச்சனீ? ஒண்டை எழுது. எங்கடை சனம் ஓட்டலிலை சாப்பிட்டிட்டுப் படுக்கும். ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

அன்றைக்கு அவளுக்கு நல்ல கோபம். அவரில் மட்டும் இல்லை. இருபது வருஷமாகப் பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அப்பாவின் கால் நரம்புகளில், ஓட்டல் கட்டில்களுக்கு விரிப்புப் போட்டுப்போட்டு மடங்காமல் போன அம்மாவின் விரல்களில், மணலில் மல்லாந்து கிடக்கிற அந்தப் படத்து மனுஷரில், எல்லாவற்றிலும். ஒரே மூச்சில் எழுதினாள்: வடக்கு முனையில் ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. கதவு பூட்டுவதில்லை. களைத்து வருகிறவர்கள் உள்ளே போய் இருக்கலாம். தேநீர் வரும். இனி நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

அச்சான முதல் நாளே அப்பா அதைக் கடை கடையாகக் காட்டினார். என்ரை மகள் எழுதினது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது, அதில் ஒன்று பொய் என்று. முதல் குழுவில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலிவாக இரண்டு இடம் கிடைத்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

அப்பாவோ அச்சடித்த தாளுக்குப் பயந்த மனுஷன். குரோய்டனில் அகதி மனுக் கொடுத்த காலத்தில் ஒரு பெட்டியை வெறுமையாக விட்டதால் படிவம் அப்படியே திரும்பி வந்தது. அன்று தொட்டு, கையில் கிடைக்கிற எந்தத் தாளிலும் ஒரு வரியை மிச்சம் விடமாட்டார். தீவிலும் அப்படித்தான். குடிக்காத மனுஷன் ரம் ஆலைக்குப் போய் பீப்பாயை மணந்து பார்த்துவிட்டு ஒரு சரி போட்டார். அம்மாவைச் சேற்றுக் குளத்தில் முழங்கால் மட்டும் இறக்கிவிட்டு இன்னொரு சரி. ஒவ்வொரு நாளும் போன் எடுத்து ஒப்புவித்தார். ஒன்பதோடு நிற்பார், வீடு இல்லையென்று சலித்துக்கொண்டு வருவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு ஓட்டலுக்குப் போன் எடுத்தாள். அங்கே காலை ஒன்பது. வரவேற்பில் நின்ற பெண் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினாள். வடக்கு முனையா? வாழைக்காய்க் கொட்டகையோடு வீதி முடிகிறது, அதற்கு அப்பால் பாறைதான், வீடு கட்ட அங்கே மண்ணே இல்லை. உங்கள் பெற்றோர் எட்டு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டார்கள்.

அப்பாவின் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். திரும்ப.

"வீடு இல்லாட்டித் திரும்பி வருவினம்," என்றார் ஸ்கந்தா அண்ணை, கோட்டை மாட்டிக்கொண்டு. "இருந்தால் தேத்தண்ணி குடிச்சிட்டு வருவினம். இதிலை உனக்கென்ன பிரச்சினை?"

அவர் வங்கிக்குப் போய்விட்டார். படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் இறங்கி, கீழ்க்கதவு ஒருமுறை அடித்து, அடங்கியது. ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேறி நின்றது. மீன்கடைப் பக்கத்திலிருந்து அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை என்பதை அவள் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தாள். பஸ்ஸும் வரவில்லை. கண்ணாடி நடுங்காமல் கறுப்பாக நின்றது. அறைக்குள் எங்கிருந்தோ புதுச் சுண்ணாம்பு மணத்தது. ஈரம் காயாத சுவரின் மணம்.

நாலரைக்குப் போன் அடித்தது.

"பிள்ளை, வந்து சேந்திட்டம்."

அவள் கேட்டது குரலை அல்ல, குரலுக்குப் பின்னால் இருந்ததை. கடல் இல்லை. காற்று இல்லை. ஓர் அலுமாரிக்குள் நின்று கதைப்பதுபோல இருந்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"உள்ளுக்கு. நல்ல குளிர்மை. நீ எழுதின மாதிரியேதான், கதவு சும்மா திறந்து கிடக்கு. ஆனால் ஒண்டு, கதிரையளை எல்லாம் சுவரைப் பாத்தபடி போட்டிருக்கினம்."

அவள் மேசையில் கிடந்த பிரசுரத்தை இழுத்துப் பார்த்தாள்.

அதை அவள் எழுதவில்லை. எழுதும்போது கண்டிருந்தாள். வெள்ளை அறை, வரிசையாகக் கதிரைகள், சுவரைப் பார்த்தபடி தலைகளின் பின்புறங்கள். பிரசுரத்துக்கு இது நல்லாயிருக்காது என்று அப்போதே விட்டுவிட்டாள். யாருக்கும் சொல்லவில்லை. ஒருத்தருக்கும்.

"கன சனம் இருக்கு," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "வணக்கம் எண்டு சொன்னன். ஒருத்தரும் திரும்பேல்லை. களைப்பாக்கும்."

"அப்பா, வெளியிலை வாங்கோ."

"ஏன்?"

"அது பொய். பத்தாவது பொய். அண்ணை கேட்டவர், நான் இட்டுக்கட்டினனான். அங்கை வீடு இல்லை."

அப்பா மெதுவாக, கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பொய்யெண்டால் நான் எங்கை இருக்கிறன்?"

"அம்மாட்டைக் குடுங்கோ."

போன் கைமாறியது. அம்மாவின் மூச்சு சீராக இருந்தது. மாடிப்படி ஏறினாலே இழுக்கிற மூச்சு.

"அம்மா, எழும்புங்கோ. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியிலை வாங்கோ. இப்ப."

"கால் நோகேல்லை, பிள்ளை." அம்மாவுக்கே அது நம்பமுடியாமல் இருந்தது. "கை பார், மடங்குது. எத்தினை வருசம். கொஞ்சம் இருந்திட்டு வாறம்."

"இருக்கவேண்டாம். அம்மா. இருக்கவேண்டாம்."

"இந்தா, தேத்தண்ணி வருது."

காலடிகள். செருப்பு. வலது கால் கொஞ்சம் அதிகமாகத் தேய்கிற நடை. அவளுக்குத் தெரிந்த நடை. கோப்பைகள் தட்டில் மெல்ல முட்டின. கிட்ட வந்தன. நின்றன.

அம்மா சிரித்தார்.

"அட. நீ எப்ப வந்தனீ?"

கோசிகா வாயைத் திறந்தாள். அவள் பதில் சொல்வதற்கு முன்னம் பதில் வந்தது. போனுக்கு அந்தப் பக்கமிருந்து. அவளுடைய குரலில்.

"முந்தியே வந்திட்டன், அம்மா. இருங்கோ."

சுண்ணாம்பு மணம். மூக்கு முழுக்க.

"ஆரம்மா போனிலை?" என்று அந்தக் குரல் கேட்டது.

"தெரியேல்லை." அம்மாவின் குரல், கவுன்சிலிலிருந்து போன் வந்தால் கதைக்கிற குரல். மரியாதையாக. "ஆரோ ஒரு பிள்ளை. அழுகுது."

"தாங்கோ. நான் கதைக்கிறன்."

உரசல். மூச்சு. காதோடு.

"அழாதை," என்றது. "இவையை நான் பாக்கிறன்."

"விடு. அவையை விடு."

அது பதில் சொல்லவில்லை. போனை எங்கேயோ வைத்தது. வெட்டவில்லை.

அவள் அப்பா என்று கத்தினாள். அம்மா என்று கத்தினாள். மாடி அறை முழுவதும் அவள் குரல். அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு கதிரை இழுபட்டது. நிலத்தில், மெல்ல, கவனமாக.

இன்னொன்று.

அப்பா இருமினார். எங்கிருந்தோ, முகத்தை எதிலோ வைத்துக்கொண்டு இருமியதுபோல. அம்மா ஏதோ சொன்னார். சொல் சுவரில் பட்டு அங்கேயே நின்றது.

பிறகு இரண்டு பேரும் தேநீர் உறிஞ்சும் சத்தம். நிதானமாக. ஒருவர் மாறி ஒருவர். நிற்காமல்.