அடுத்த காம்பராவின் பதில்

ஆட்டோ கொட்டகலை வீதியை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் திரும்பியதுமே பனி வழியை மூடிக்கொண்டது. லயத்து வாசலில் மெரினாவை இறக்கிவிட்டு ஆட்டோக்காரன் சுதாகரன் சொன்னான்: "இருட்டுறதுக்குள்ள வந்து கூப்பிடுறேன்க்கா."

அப்பா லியனார்ட் செத்ததிலிருந்து பூட்டிக் கிடந்த ஒற்றையறைக் காம்பரா அது. அடுத்த வாரம் லயத்தையே இடிக்கப்போகிறார்கள். அவர் கும்பிட்ட மாதா படத்தை எடுத்துக்கொண்டு அவள் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் மேட்டிலுள்ள புது வீடுகளுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

வெள்ளைக்காரன் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிவிட்ட லயம். நீளமான ஒரே தகரக் கூரை, அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவரைக் கூரை வரைக்கும் கட்ட அந்தப் புண்ணியவானுக்கு மனசு வரவில்லை. அந்தக் கஞ்சத்தனம்தான் இங்கே எல்லாரையும் உறவாக்கியது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீடு வரை தும்மும். வாசலில் யாராவது கூப்பிட்டு, ஆள் இல்லையென்றால், அடுத்த காம்பராவே பதில் சொல்லிவிடும்: "பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போயிருக்கு, இப்ப வந்துரும்."

உள்ளே பழைய அடுப்புப் புகையின் வாசம் இன்னும் இருந்தது. மெரினா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலாக ஒரு பெண் குரல் வந்தது.

"லியனார்ட் மகளா?"

"ஆமாக்கா," என்றாள், நிமிராமலே. லயத்தில் பிறந்தவள். சுவர் பேசினால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். யாரோ இன்னும் குடியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் சந்தோஷமாக இருந்தது.

"கொழும்புல யாரோட இருக்க?"

"தனியாத்தான். பக்கத்து ரூம்ல யாருன்னே தெரியாது. ஒரு வார்த்த பேச ஆளில்லக்கா."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அப்ப இங்கயே இருந்துரு."

"இல்லக்கா, இப்ப ஆட்டோ வந்துரும்."



முகத்தையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று முன்திண்ணை இஸ்தோப்பில் இறங்கி அடுத்த வாசலுக்குப் போனாள். கதவு இல்லை. கூரையில் தகரம் இல்லை. மண்சரிவு பின்சுவரையும் தரையையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

அங்கே ஒருவர் நிற்க இடமே இல்லை.

ஓடிவந்து தன் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஆட்டோ வந்தால் போதும் மாதாவே, ஆட்டோ வந்தால் போதும்.

வந்தது.

"மெரினாக்கா! போவமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாவகாசமாக ஒரு பதில் போனது.

"மெரினா அப்பவே பஸ்ஸுக்குப் போயிருச்சே தம்பி."

"சொல்லாமயே போயிட்டாங்களா? சரிங்கக்கா."

மெரினாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. துருப்பிடித்த தாழ் அசைய மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து பாதைக்கு ஓடினாள். பனிக்குள் சிவப்பு வெளிச்சம் ஒன்று வளைவில் திரும்பியது. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. கத்தினாள். கேட்க யாரும் இல்லை.

"தங்கச்சி."

இந்த முறை குரல் அடுத்த காம்பராவிலிருந்து வரவில்லை. அவள் திறந்து போட்டுவிட்டு வந்த கதவுக்குள்ளிருந்து வந்தது.

"பனியில நிக்காத, உள்ள வா. இனி உன்னத் தேடி யாரும் வரமாட்டாங்க."