ஒரு விரல் வணக்கம்

மதியக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் பிக்கப் வண்டியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே லோரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கொஞ்சம் வேகமாப் போங்கப்பா. படத்துல வர்றவங்க நம்மள விட்டுட்டு பாரிஸ் போயிடுவாங்க."

"பின்னாடி முட்டைக் கூடை இருக்குடி," என்றாள் அம்மா. "வேகமாப் போனா ஆம்லெட்டைத்தான் விக்கணும்."

அந்தப் படத்துக்காக நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரே தியேட்டருக்கு வந்திருந்தது. ஒரு விவசாயக் குடும்பம் போட்டியில் ஜெயித்து பாரிஸுக்குச் சுற்றுலா போகிறது. ஓட்டல் குளியல் தொட்டியில் கோழி நீந்தியது. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த வீட்டம்மா தானே தரையைத் துடைத்தாள். எல்லோரையும் விட லோரீனின் அப்பா ஆர்வில்தான் சத்தமாகச் சிரித்தார்.

அப்புறம் அந்தப் படத்து விவசாயி கார் ஓட்டினார். எதிரே வந்த ஒவ்வொரு காருக்கும் லோரீனின் அப்பா தினமும் செய்வதைப் போலவே ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். பாரிஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு கையையும் தூக்கினார். கார் நேராக நீரூற்றுக்குள் போய் நின்றது.

தியேட்டர் அதிர்ந்தது. அப்பா சிரிக்கவில்லை. வலது கையை மெதுவாகச் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து மருந்துக் கடைக்காரர் மகள் மார்ஜோரி குனிந்தாள். "ஏய் லோரீன், உங்கப்பா சினிமாவுல சேந்ததைச் சொல்லவே இல்லையே?"

லோரீனுக்கு முகம் சுட்டது. அப்பா இனிமேல் விரலைத் தூக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் மார்ஜோரி சொன்னதை விட அதிகமாக வலித்தது.

படம் முடிந்து, முட்டைகளை விற்றுவிட்டுத் திரும்பும்போது எதிரே பக்கத்துப் பண்ணை ஹான்சனின் வண்டி வந்தது. அவர் விரலைத் தூக்கினார். அப்பாவின் விரல்கள் ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தன.

"அப்பா, ஹான்சன்."

"கவனிக்கலை."

மேகத்துக்குள் இருக்கும் பருந்தையே கண்டுபிடிக்கிறவர் அப்பா. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லோரீன் எட்டி ஸ்டீயரிங்கின் ஓரத்தில் கை வைத்தாள். அடுத்து வந்த பால் வண்டிக்கு ஒரு விரலைத் தூக்கினாள். பால்காரர் சிரித்துக்கொண்டே விரலைத் தூக்கினார். அதற்கடுத்து வந்த பாதிரியாரும் தூக்கினார்.

"என்னடி பண்றே?" என்றார் அப்பா.

"உங்க வேலையைத்தான்."

அடுத்து வந்தது பளபளப்பான நீலக் கார். மருந்துக் கடைக்காரர் ஓட்டினார். பின் சீட்டில் மார்ஜோரி. இருந்தாலும் லோரீன் விரலைத் தூக்கினாள்.

மருந்துக் கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை. அவர் விரல் தானாக எழுந்தது. மார்ஜோரி தன் அப்பாவின் கையையே வாயைப் பிளந்து பார்த்தாள். கார் கடந்து போகும்போது, பின் ஜன்னலில் ஒரு சின்ன விரல் தயங்கித் தயங்கி நிமிர்ந்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அந்த பாரிஸ்காரங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலை, பாவம்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தூரத்தில் புழுதி கிளம்பியது.

"லோரீன், கையை எடு," என்றார். "அந்த வண்டி எனக்கு."