மூன்றாவது துளி

எது தோதுப்படும் என்று பார்க்க, துளியார் கண்ணாடித் துண்டின் மேல் மூன்று வகை எண்ணெயில் ஒவ்வொரு துளி விட்டு, லேசாகச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் வந்து பார்த்தால் இரண்டுதான் இருந்தன.

முதல் துளி தையல் மிஷின் எண்ணெய். அது விளிம்புவரை வழிந்து ஓடியிருந்தது. இரண்டாவது மோட்டாருக்கு விடுகிற கெட்டி எண்ணெய், பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மெல்லிசும் இல்லாமல் கெட்டியும் இல்லாமல் நடுவாந்தரமாக இருந்த மூன்றாவதைத்தான் அவர் மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அது இருந்த இடத்தில் ஒரு விரல் வழித்தெடுத்த தடம் மட்டும் இருந்தது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. நாமேதான் துடைத்திருப்போம், இப்போதெல்லாம் எது ஞாபகம் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

பழைய சினிமா புரொஜெக்டர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வருகிறவர்களிடமெல்லாம் "ஒரு துளி போதும்" என்று சொல்லிச் சொல்லியே 'துளியார்' என்று பெயர் ஆகிவிட்டது. தேங்காயெண்ணெயை ஊற்றிப் பிசின் மாதிரி இறுக வைத்துக் கொண்டுவருவார்கள். துரு நீக்கும் மருந்தை அடித்து, இருந்த பசையையும் கழுவிவிட்டுக் கொண்டுவருவார்கள். எல்லோரையும் வாய் வலிக்கத் திட்டிவிட்டுத்தான் மிஷினைத் தொடுவார்.

இப்போது மேஜையில் இருந்தது அவருடைய சொந்த மிஷின். பக்கத்தில் ஒரே ஒரு சுருள். கல்யாணமான புதிதில், இரவல் கேமராவில் அவரே எடுத்தது. படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு மனைவி சிரித்தபடி நடந்து வருவாள், அவ்வளவுதான் படம். போட்டோக்கள் எத்தனையோ இருந்தன. அவள் அசைகிற படம் அது ஒன்றுதான். எண்ணெய் போதாவிட்டால் படத்தை இழுக்கிற கொக்கி சுருளைக் கிழித்துவிடும். கூடிப்போனால் தெறித்து அவள் முகத்தையே அழித்துவிடும். அதனால்தான் இவ்வளவு நிதானம்.

அவள் இறந்த அன்றிலிருந்து அவர் அழவில்லை. அழுதால் பாரம் இறங்கும் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவரும் முயன்று பார்த்தார், வரவில்லை. நெடுநேரம் அழுந்திக் கிடந்த கைபோல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அவள் நடந்து வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அழுகை வந்துவிடும் என்று நம்பினார். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது எண்ணெயையே மிஷினுக்கு விட்டார். தண்ணீர் குடிக்க எழுந்தபோது வலது முட்டி வழக்கம்போலக் கடக்கென்றது. போகிற வழியில் படுக்கையறைக் கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் திறந்தது.

வீடு கட்டிய நாளிலிருந்து கிறீச்சிட்ட கதவு அது. "ஊர்ல இருக்கிற மிஷினுக்கெல்லாம் எண்ணெய் விடுறீங்க, இந்தக் கதவுக்கு ஒரு துளி விட மனசு வரல" என்று அவள் கேலி செய்யாத நாள் கிடையாது. அவள் நோயில் படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சத்தமே உபயோகமாகிவிட்டது. கிறீச்சென்றால் அவள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். இவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாங்கிக்கொள்வார்.

கீலைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். பழக்கத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைத் தேய்த்துப் பார்த்தன. மெல்லிசும் இல்லை, கெட்டியும் இல்லை. இருட்டில் தொட்டாலும் அந்த எண்ணெயை அவருக்குத் தெரியும்.

மகளுக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். போன வாரம் வந்தபோது கதவுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்டார்.

"நான் ஏன்பா விடப்போறேன்? அந்தச் சத்தம் கேட்டாத்தானே அம்மா எந்திரிச்சிட்டாங்கன்னு நமக்குத் தெரியும்." கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் கவனித்தார். ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக்கென்று இடிக்கும் மின்விசிறி இடிக்கவில்லை. உட்கார்ந்தால் முனகும் நாற்காலி முனகவில்லை. வீடு முழுக்க அந்த எண்ணெயின் மங்கிய வாசனை, விளக்கு அணைந்த அறையில் திரியின் வாசனைபோல நின்றிருந்தது. பயம் வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் உள்ளே வரத் தயங்கும் விருந்தாளிபோல வாசலோடு நின்றுகொண்டது.

மத்தியானம் கூடத்துத் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டினார். படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது, வெயில் அடிக்கும். அதனால் அந்தக் கதவையும் சாத்தினார். கடைசியாக ஒரு துளி விடலாம் என்று, நீளமூக்கு எண்ணெய்க் குப்பியைத் தேடினார். மேஜையில்தான் வைத்திருந்தார். காணவில்லை.

சரி, போகட்டும் என்று மிஷினை ஓடவிட்டார்.

எவ்வளவு நல்ல எண்ணெய் விட்டாலும் புரொஜெக்டர் கடகடக்கத்தான் செய்யும். இது கடகடக்கவில்லை. சுருள் சுற்றியது, வெளிச்சம் துடித்தது, சத்தம் மட்டும் இல்லை. போர்வையில் படுக்கையறைக் கதவு தெரிந்தது. அன்றைக்குப் புதுசாக இருந்த அதே கதவு. அது திறந்தது.

யாரும் வரவில்லை.

அவர் காத்திருந்தார். காலியான வாசல். அவள் நடந்து வரவேண்டிய தரை. அவள் சிரிக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர். சுருள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு படம் வெளுக்க ஆரம்பித்தது.

படம் ஏன் வெளுக்கும் என்று அவருக்குத் தெரியும். அறைக்குள் வெளிச்சம் வந்தால் வெளுக்கும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. பின்னால் இருந்தது அந்தக் கதவு.

சத்தமே கேட்கவில்லை.

போர்வையில் ஒரு நிழல் ஏறியது. தோள். கலைந்த கூந்தல். உயர்ந்த கை. கையில் நீளமூக்குக் குப்பி.

எழுந்தார். முட்டி சத்தம் போடவில்லை. குனிந்து பார்த்தார். முட்டியில், துணியின் மேல், வட்டமாக ஈரம்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

கண் மட்டும் நிறைந்தது. இத்தனை நாளாக வராதது, கன்னத்தில் வழிந்தது. துடைத்தார். பழக்கம் விடவில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைத் தேய்த்துப் பார்த்தன.

மெல்லிசும் இல்லை. கெட்டியும் இல்லை.