விளக்குக்கு முந்திய விரல்

பொத்தான் அமுங்கும் ‘டக்’ சத்தம் ஒலிபெருக்கியில் முதலில் கேட்டது. சிவப்பு விளக்கு அதற்குப் பிறகுதான் எரிந்தது.

கண்தான் ஏமாற்றியிருக்கும் என்று அவள் நினைத்தாள். ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத அந்த நிலத்தடி ஆய்வுக்கூடத்தில், மின்விசிறியின் முனகலையும் ஒயர் ஒட்டத் தலையில் தடவும் பசையின் புளித்த வாடையையும் சகித்துக்கொண்டு, திரையில் மூளை அலைகள் புழுக்களாய் நெளிவதைக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. விளையாட்டு வீரர்களின் மூளை மற்ற மாணவர்களின் மூளையைவிடச் சீக்கிரம் விழித்துக்கொள்கிறதா? அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பார்க்கிறவர்களெல்லாம் “இன்னும் முடியலையா?” என்று கேட்கும் ஆராய்ச்சி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத சின்ன அறையில், கடைசி ஆளாகச் சிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியின் ஓட்டக்காரி. ஓடும்போது கால் தரையில் படுவதே தெரியாது என்பதால் வந்த பெயர். தலையில் ஒயர்கள் முளைத்த தொப்பி, கட்டைவிரல் பொத்தான்மேல்.

டக். பிறகு விளக்கு.

அவள் மைக்கை அமுக்கினாள். “சிட்டு, விளக்கைப் பார்த்துட்டு அமுக்கணும்மா. குருட்டாம்போக்குல அமுக்காத.”

“பார்த்துட்டுத்தாங்க்கா அமுக்குறேன்” என்றது ஒலிபெருக்கி.

குருட்டாம்போக்கில் ஒரு தடவை அமையலாம், ஒவ்வொரு தடவையுமா? விளக்கு எப்போது எரியும் என்பது கணினிக்கு மட்டும்தான் தெரியும். அது இஷ்டத்துக்கு எரியவிடும்.

பேராசிரியருக்கு போன் போட்டாள். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “மிஷின் கோளாறா இருக்கும். நாளைக்கு ஆய்வுக் குழு முன்னாடி இதையா காட்டுவீங்க? மறுபடி எடுங்க.” வைத்துவிட்டார்.

பட்ட காலிலேயே படும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒயர்களை மாற்றினாள். சிட்டுவை வெளியே நிற்கவைத்துவிட்டு, தானே தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். விளக்கு எரிந்தது. ஆற அமர அவள் விரல் அமுக்கியது. பள்ளிக்கூடத்து மைதானத்தில்கூட ஓடியறியாத மூளை, தன் வேலையைத் தாமதமாக, ஒழுங்காகச் செய்தது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சிட்டுவை மறுபடி உட்காரவைத்தாள். யாரும் நடுவில் வந்து கெடுக்கக்கூடாதென்று ஆய்வுக்கூடக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

டக்.

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்து, விளக்கு.

இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. விளக்கு எரிந்தபின் எழ வேண்டிய அலை, இருட்டிலேயே எழுந்து, இருட்டிலேயே அடங்கியது. தலை வலிக்கிறதா என்று கேட்க அவள் மைக்கை நோக்கிக் குனிந்தாள். விரல் இன்னும் சுவிட்சைத் தொடவில்லை.

“வலிக்கலக்கா” என்றாள் சிட்டு.

அவள் கை அந்தரத்தில் நின்றது. நான் கேட்கவே இல்லையே.

“இப்பத்தானே கேட்டீங்க?”

மின்விசிறியின் முனகல் திடீரென்று பெரிதாகக் கேட்டது. போதும், எழுந்து வா என்று சொல்லிவிட வேண்டியதுதான். அவள் நினைத்து முடிக்குமுன் சிட்டு எழுந்து நின்றாள்.

நின்றவள் வரவில்லை.

சிட்டுவின் பார்வை கண்ணாடியைத் தாண்டி, இவள் முகத்தைத் தாண்டி, இவளுக்குப் பின்னால் போய் நிலைத்தது. பின்னால் கதவுதான் இருந்தது. தாழிட்ட கதவு.

திரையில் அலைகள் எகிறின. மேலும் கீழுமாக. கோடு கோடாக. எல்லாம் ஒரே கறுப்பாக.

“என்னம்மா? என்ன பார்க்குற?” மைக் சுவிட்சை அமுக்கிய விரலை இவள் எடுக்கவில்லை.

சிட்டு பின்னால் நகர்ந்தாள். ஒயர்கள் இழுபட்டு விறைத்தன. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, இரண்டு காதுகளையும் பொத்தினாள்.

“கத்தாதீங்கக்கா... ஐயோ, கத்தாதீங்க...”

இவள் கத்தவில்லை.

இன்னும் கத்தவில்லை.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்ப மறுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டுவின் தோள்கள் குலுங்கின. வெகுநேரம். அப்புறம் நின்றன. ஏதோ சத்தம் ஓய்ந்துவிட்டது போல, அவள் காதிலிருந்து கைகளை மெல்ல எடுத்தாள்.

இவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

சிட்டுவின் கண்கள் கீழே இறங்கின. இவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலடிக்கு. வெறும் தரைக்கு. அங்கேயே வெறித்துப் பார்த்தபடி, பதில் வராது என்று தெரிந்த குரலில், அந்தத் தரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“அக்கா?”