பின்சீட்டில் கேட்ட சத்தம்

வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதிகம் பேசாதவள் என்பதால் மாமா அவளுக்கு வைத்த பெயர் கோட்டான். மாமா, அம்மாவின் அண்ணன். பழைய கார்களை வாங்கி உடைப்பவரை இன்று காலை வரச் சொல்லியிருந்தவர் அவர்தான். போன வாரம் போட்ட புது பேட்டரியை உடைப்பவர் வருவதற்குள் கழற்றிவிட மெக்கானிக்கையும் வரவழைத்திருந்தார்.

"இறங்கும்மா. வண்டிக்கு வயசாயிடுச்சு. தினம் காலையில கிளம்பவே அரை மணி நேரம் மக்கர் பண்ணுது," என்றார் மாமா.

"நீங்க எழுந்திரிக்கவும் அரை மணி நேரம் ஆகுது மாமா. உங்களை யாரும் உடைக்கக் குடுக்கலையே."

மெக்கானிக் சிரிப்பை மறைக்க பானெட்டுக்குள் குனிந்துகொண்டார்.

அம்மா சிரிக்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுதுபார்ப்பது அம்மாவின் தொழில். அந்த இரும்பு மெஷின்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. வண்டி போனால் தொழிலும் போய்விடும். பதிலுக்கு ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை பார்த்துவைத்திருந்தார் மாமா. அதைச் சொன்ன நாளிலிருந்து அம்மா சாப்பிடும்போதுகூடப் பேசுவதில்லை.

போன வாரமே மெக்கானிக் பிளக்குகளை மாற்றிப் பார்த்திருந்தார். பேட்டரியையும் மாற்றியிருந்தார். எல்லோரும் வண்டியின் முன்பக்கத்தையே பார்த்தார்கள். அவளோ ஆறு வருடமாகப் பின்சீட்டில் உட்காருபவள். பெட்ரோல் டேங்க் அவளுக்கு நேர் கீழே இருந்தது.

சாவியைப் பாதி திருப்பினால் கீழே 'உம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். இரண்டு நொடியில் நின்றுவிடும். அம்மா அதுவரை காத்திருப்பதே இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய வேனில் ஓட்டக் கற்றவள் அம்மா. அதில் ஆக்சிலரேட்டரை நாலு மிதி மிதித்தால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். இந்த வண்டியில் அந்த வேலையை டேங்குக்குள் முனகும் பம்பு பார்க்கிறது. அம்மாவின் கால் மட்டும் இன்னும் வேனிலேயே இருந்தது.

"அம்மா, ஒரு தடவை நான் சொல்ற மாதிரி பண்ணு. கிளம்பலைன்னா நானே இறங்கிடறேன்."

நேரம்தான் வீண் என்றார் மாமா. அம்மா அவரைத் தாண்டி வந்து ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"மிதிக்காதே. சாவியைப் பாதி மட்டும் திருப்பு."

உம்ம். நின்றது.

"அணைச்சிட்டு மறுபடியும்."

உம்ம். மூன்றாவது முறையும் அதே.

"இப்ப முழுசாத் திருப்பு."

எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

குருட்டு அதிர்ஷ்டம் என்றார் மாமா. அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்ப ராத்திரி முழுக்க நின்னா மட்டும் ஏன் மக்கர் பண்ணுது? வழியில நிறுத்தி எடுத்தா உடனே கிளம்புதே?"

கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் அப்படியே நின்றார். பிறகு எஞ்சினை அணைக்கச் சொல்லி, பெட்ரோல் குழாயில் ஒரு அழுத்தமானியைப் பொருத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் மெல்ல மெல்லச் சரிந்து கீழே வந்தது.

பம்பில் உள்ள சின்ன வால்வு பெட்ரோலைப் பிடித்துவைக்கவில்லையாம். இரவெல்லாம் அது டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறதாம்; மூன்று முறை பம்பை முனகவிட்டதில் குழாய் மறுபடி நிறைந்ததாம். வண்டியில் வேறு குறை இல்லை, பம்பை மாற்றினால் போதும் என்றார்.

"நான் ஒரு நாளும் பின்னாடி உக்காந்து கேக்கலை பாப்பா," என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

தெருமுனையில் கார் உடைப்பவரின், கயிறு கட்டி இழுக்கும் லாரி ஹாரன் அடித்தது. மாமா அம்மாவைப் பார்த்தார்.

"அவரைத் திருப்பி அனுப்பிடுங்கண்ணே. கிடங்குலயும் நான் வரலைன்னு சொல்லிடுங்க," என்றாள் அம்மா. தன் கருவிப் பெட்டியை எடுத்து டிக்கியில் வைத்து மூடினாள்.

மாமா பின்கதவைத் திறந்து பிடித்தார். "அதான் ஜெயிச்சிட்டியே. இப்பவாவது இறங்கேன்."

"இறங்குறேன் மாமா," என்று அவள் கதவை உள்ளே இழுத்துச் சாத்தினாள். "ஸ்கூல் வாசல்ல."